நாலு கட்டப் படம்

அந்தப் படத்தை யாராலும் தப்பாகப் பார்க்கவே முடியாது என்று டீச்சர் அடித்துச் சொல்லியிருந்தாள்.

“எழுத்துன்னாப் படிக்கத் தெரியணும் நர்ஸம்மா. படத்துக்கு என்ன? கண்ணு இருந்தாப் போதும்.”

வாரத்துக்கு ஒரு தடவை மொபெட்டில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு உப்பளத்துக்கு வருகிற நர்ஸம்மாவுக்கு இதில் அரை மனசுதான். படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதிவிடலாமே என்று இழுத்துப் பார்த்தாள்.

“எழுதி? உங்களுக்கும் எனக்கும் மேஸ்திரிக்கும் தவிர இங்க யாருக்கு எழுத்து தெரியும்? மேஸ்திரி என்ன, பிள்ளை பெத்து வளர்க்கப் போறாரா?”

நர்ஸம்மா சிரித்துவிட்டாள். படம் அச்சுக்குப் போனது.

டீச்சர் என்றால் பெரிய பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. உப்பளத் தொழிலாளர்களின் லைன் வீடுகளை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. வேலைக்குப் போகும் பெண்கள் விடிந்ததும் விட்டுவிட்டுப் போகிற வாண்டுகள் அதில் நிறைந்து கிடக்கும். அந்த வாண்டுகளுக்கு அவள் டீச்சர். அறைக்குப் பின்னால் ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் இருந்தது. அதுதான் அவள் வீடு. கல்யாணம் காட்சி என்று எதுவும் கூடி வரவில்லை. அம்மா செத்தபோது கைக்குழந்தையாக விட்டுப்போன தங்கையை வளர்த்து, ஒருவன் கையில் பிடித்துக் கொடுப்பதற்குள் அவளுக்கு வயசு ஓடிவிட்டது.

அவளுக்குப் படம் என்றால் உயிர். கரித்துண்டு கிடைத்தால் தரை, சுண்ணாம்புக்கட்டி கிடைத்தால் தகரம். கதை சொல்லும்போது பாதிப் படத்தோடு நிறுத்திவிட்டு, “அப்புறம் என்ன ஆச்சு? நீங்க சொல்லுங்க” என்பாள். பேச வாய் வராத குழந்தைகூட எழுந்து வந்து படத்தில் விரலை வைக்கும். அதைப் பார்க்கும்போது அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

ஒரு தடவை நீளமாக ஒரு ரோட்டைப் போட்டு, அதன் கோடியில் நடந்து போகிற ஆளைச் சின்னதாக வரைந்தாள். “இது யாரு?” என்று கேட்டாள். “எலி மாமா” என்றது ஒரு பொடிசு. “எலி அளவுதானே இருக்காரு!” டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூரத்தில் இருப்பதால் சின்னதாகத் தெரிகிறார் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, அதை அதோடு மறந்தும் போனாள்.

கோடை வந்தால் லைன் வீட்டுக் குழந்தைகளுக்கு வயிறு பிடுங்கிக்கொள்ளும். லாரியில் வருகிற தண்ணீர். அதைப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் குடம். அதன் மேல் மொய்க்கும் ஈ. காரணத்துக்குப் பஞ்சமில்லை. சுகாதார நிலையத்தில் கொடுக்கிற உப்புப் பொடிப் பொட்டலம் கோடை பிறக்கும் முன்பே தீர்ந்துவிடும். அதை வீட்டிலேயே கலந்துகொள்ளத்தான் அந்தப் படம். நாலு கட்டம். முதல் கட்டத்தில் ஒரு பெண் அடுப்பில் காய்ச்சி ஆறிய தண்ணீரை ஒரு லிட்டர் புட்டியால் அளந்து பானையில் ஊற்றுகிறாள். இரண்டாவது கட்டத்தில் சர்க்கரை: ஆறு கரண்டிகள் வரிசையாக. மூன்றாவதில் உப்பு: ஒரே ஒரு கரண்டி, பாதி அளவுக்கு. நாலாவதில் அம்மா ஊட்ட, குழந்தை குடித்துவிட்டுப் பொக்கை வாயைக் காட்டிச் சிரிக்கிறது.

நீல மையில் அச்சடித்து வந்தது. வீட்டுக்கு ஒன்றாக டீச்சரே போய்ச் சுவரில் ஒட்டினாள். தங்கைக்குப் பக்கத்து வீட்டு ரேடியோக்கா மட்டும் கொஞ்சம் குறைப்பட்டுக்கொண்டாள். வாய் ஓயாது என்பதால் அவளுக்கு அந்தப் பேர்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா அந்தப் பொம்பளைக்கு ஒரு வளையல் போட்டிருக்கலாம். மூளிக் கையோட ஊட்டறா.”

“அடுத்த தடவை தங்க வளையலாவே போட்டுடறேன், போங்க.”

அந்த வருஷம் வெயில் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்தது. பாத்திகளில் தண்ணீர் சுண்டி, உப்பு வெள்ளையாகப் பூத்துக் கண்ணைக் குத்தியது. மழை வருவதற்குள் வாரிக் குவிக்க வேண்டும் என்று மேஸ்திரி விரட்டிக்கொண்டே இருந்தார். நீளக் காம்பில் கட்டிய பலகையால் உப்பை வாரி இழுத்து வரப்பில் சேர்ப்பார்கள். கூடையில் அள்ளித் தலையில் சுமந்து போய் அம்பாரமாகக் கொட்டுவார்கள். பாதத்து வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கினால் உச்சந்தலை வரைக்கும் எரியும். பழகியவர்களுக்கு அது எரிச்சல் என்றே தோன்றுவதில்லை. தங்கை பழகியவள். அவள் புருஷன் நெட்டையனும் அப்படித்தான். வியர்த்துக் கிறுகிறுப்பு வந்தால், வரப்பிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள்.

அவர்களுக்கு ஒரு மகன். பல் முளைக்கிற வயசு. கை, கால், கன்னம் என்று எங்கே தொட்டாலும் சதை என்பதால் உருண்டை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பேராகிவிட்டது.

உருண்டைக்கு வயிற்றால் போக ஆரம்பித்த அன்று காலை, டீச்சர் வழக்கம்போலத் தங்கை வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரொட்டியும் நேற்றைய மீனும்.

“ராத்திரியிலிருந்து தண்ணி தண்ணியாப் போறான்க்கா” என்றாள் தங்கை. “துணி மாத்தி மாத்தி என் சேலையே தீந்துபோச்சு.”

“பல்லு வர்ற நேரம், அப்படித்தான் இருக்கும்” என்றான் நெட்டையன். தலை இடித்துவிடாமல் குனிந்து வாசலில் நின்றபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“நீங்க எப்ப மாப்ள டாக்டருக்குப் படிச்சீங்க?”

“எங்கம்மா சொல்லும் அண்ணி. பல்லு முளைச்சா வயிறு போகுமாம்.”

“உங்கம்மா சொல்றது இருக்கட்டும். சுவத்துல என்ன ஒட்டியிருக்கு? அழகுக்கா ஒட்டியிருக்கு?” டீச்சர் தங்கை பக்கம் திரும்பினாள். “அதுல இருக்கிற மாதிரியே கலந்து, போகப் போகக் குடுத்துக்கிட்டே இரு. இன்னிக்கு ஒரு நாள் வேலைக்குப் போகாதே.”

“மேஸ்திரி கத்துவாரு.”

“கத்தட்டும். தொண்டை கட்டினா அவருக்கும் இதையே கலந்து குடு.”

தங்கை சிரித்தாள். இடுப்பில் இருந்த உருண்டை, அம்மா சிரிப்பதைப் பார்த்துத் தானும் ஒரு சின்னச் சிரிப்பைச் சிரித்துவிட்டு அவள் தோளில் சாய்ந்துகொண்டான்.

மத்தியானம் வாண்டுகளைத் தூங்க வைத்துவிட்டு டீச்சர் ஓடி வந்தாள். வயிற்றுப்போக்கு கொஞ்சம் மட்டுப்பட்டிருந்தது. ஆனால் குழந்தை ஒரு நிலையில் இல்லை. கிண்ணத்தை எடுத்தாலே இரண்டு கையையும் நீட்டிப் பறந்தான். குடித்தான், கத்தினான், மறுபடியும் குடித்தான். உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது.

“எவ்வளவு குடுத்தாலும் தாகம் அடங்கலக்கா. ரெண்டு தடவை வாந்தி வேற எடுத்துட்டான்.”

“உடம்புல இருந்த தண்ணியெல்லாம் போயிருக்கில்ல? தாகமாத்தான் இருக்கும். நிறுத்தாதே. குடுத்துக்கிட்டே இரு.”

“மருந்து ஒத்துக்கலையோன்னு...”

“இது மருந்து இல்லடி, தண்ணி. தண்ணி யாருக்காவது ஒத்துக்காமப் போகுமா? இப்படிக் குடு” என்று குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். வாந்தி வராமல் இருக்க எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவது என்று தங்கைக்குச் செய்து காட்டினாள். ஒரு கிண்ணம் முழுக்கத் தன் கையாலேயே கொடுத்தாள். உருண்டை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் குடித்தான். “பாத்தியா, எப்படிக் குடிக்கிறான் ராசா!”

சாயங்காலம் ஆகுமுன் ரேடியோக்காவே ஓடி வந்து கூப்பிட்டாள். “டீச்சர், பிள்ளை அழுகை ஒரு மாதிரி இருக்கு. பூனை கத்தற மாதிரி இருக்கு. வந்து பாருங்க.”

போனபோது அழுகையும் நின்றிருந்தது. குழந்தையின் உடம்பு அனலாகக் கொதித்தது. முதுகு வில்லாக விறைத்து, கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. கண் திறந்திருந்தும் யாரையும் பார்க்கவில்லை. நெட்டையன் பாத்தியிலிருந்து அப்படியே ஓடி வந்து, கால் முழுக்க வெள்ளையாக, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். தங்கை மட்டும் கிண்ணத்தை விடவில்லை. வாயோரமாக இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“குடிச்சிடுடா. கொஞ்சம் குடிச்சிடு ராசா. பெரியம்மா குடுக்கச் சொல்லிச்சில்ல?”

டீச்சர் குழந்தையின் முகத்தைத் திருப்பினாள். வாயிலிருந்து தாடை வரைக்கும் வழிந்து காய்ந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. கழுத்து மடிப்பிலும் அப்படியே. உப்பளத்தில் எல்லாமே காய்ந்தால் வெள்ளைதான். கால், கூடை, சேலைத் தலைப்பு என்று எதைப் பார்த்தாலும் வெள்ளை. அதனால் அங்கே யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. அவள் விரலால் துடைத்து நாக்கில் வைத்தாள்.

பிறகு கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்தாள். குடிக்க முடியவில்லை. துப்பினாள்.

“என்னடி போட்டே இதுல?”

“படத்துல இருக்கிறதைத்தான்.”

“எவ்வளவு உப்பு போட்டே?”

“அரைக் கரண்டி. அரைக் கரண்டிதான்க்கா போட்டேன், சத்தியமா.”

“எந்தக் கரண்டி?”

தங்கை எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய பெரிய கரண்டியை எடுத்து வந்தாள். குழம்பு அள்ளுகிற கரண்டி. டீச்சர் அதைக் கையில் வாங்கினாள்.

“இதுலயா? சர்க்கரையும் இதுலயா போட்டே?”

“சர்க்கரைக்குச் சின்னக் கரண்டி. உப்புக்குத்தான் பெருசு.” தங்கை படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று விரல் வைத்துக் காட்டினாள். “நீதானே அப்படிப் போட்டிருக்கே? இந்தா, சர்க்கரைக்கு ஆறு சின்னக் கரண்டி. உப்புக்கு இம்மாம் பெரிய கரண்டி, பாதி.”

டீச்சர் படத்தைப் பார்த்தாள். பாதி என்பது பளிச்சென்று தெரிய வேண்டுமே என்று, ஒற்றைக் கரண்டியைக் கட்டம் முழுக்க நிரப்பி வரைந்திருந்தாள். பக்கத்துக் கட்டத்தில் ஆறு கரண்டி அடங்க வேண்டியிருந்ததால் அவை சின்னதாகிவிட்டன. கிட்டத்தில் வைத்துக் காட்டினால் பெரிசாகத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். அது ஒரு வழக்கம். அந்த வழக்கத்தை யாரோ எப்போதோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தங்கைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவள் கண்ணில் பட்டதைப் பார்த்தாள். பார்த்ததைச் செய்தாள். எலி மாமா என்று சொன்ன அந்தப் பொடிசு மட்டும் என்ன செய்தது?

“கரிக்கலையாடி உனக்கு? வாயில வச்சுப் பாக்கலையா?”

“பாத்தேன். கரிச்சுது. மருந்துன்னா அப்படித்தானே இருக்கும்னு நினைச்சேன். எங்க நாக்குக்கு உப்பெல்லாம் ஒரு உப்பாக்கா?” அக்காவின் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவள் குரல் மெலிந்தது. “ஏன்? தப்பாயிடுச்சா?”

டீச்சர் படத்தைச் சுவரிலிருந்து பிய்த்துச் சுருட்டிக்கொண்டாள். “தூக்கு பிள்ளையை. மாப்ள, லாரி நிக்குதா பாருங்க. ஓடுங்க!”

உப்பு லாரி பாதிச் சுமையோடு நின்றது. மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார்; நெட்டையனின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். லாரிக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. சுமை ஏற்றிக்கொண்டிருந்தவர்களை இறங்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நெட்டையன் பின்னால் உப்பு மூட்டை மேல் ஏறிக்கொண்டான். முன்னால் இரண்டு பெண்களுக்கும் நடுவில் குழந்தை. வழியெல்லாம் தங்கை ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். “பச்சைத் தண்ணி குடுத்தா உப்பு இறங்கிடுமாக்கா? கொஞ்சம் பச்சைத் தண்ணி குடுத்துப் பாக்கட்டுமா?” விழுங்கும் நிலையில் குழந்தை இல்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தையை உடனே உள்ளே கொண்டு போனார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். பகல் முழுக்க நின்ற களைப்பு முகத்தில் அப்பியிருந்தது. ரத்தம் எடுத்தார்கள், ஊசி ஏற்றினார்கள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தாள்.

“என்ன குடுத்தீங்க பிள்ளைக்கு?”

“உப்புச் சர்க்கரைத் தண்ணி” என்றாள் தங்கை.

“எவ்வளவு உப்பு போட்டீங்க?”

தங்கை உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். டாக்டர் கண்ணை மூடித் திறந்தாள்.

“யாரும்மா உங்களுக்கு இப்படிக் கலக்கச் சொன்னது?”

தங்கை அக்கா பக்கம் திரும்பவே இல்லை. “யாரும் சொல்லல. நானாத்தான் கலந்தேன்.”

“நானாத்தானா? உப்பளத்துல வேலை பாத்தா எல்லாத்துலயும் உப்பை வாரிப் போட்டுடறதா? பெரியவங்களே இவ்வளவு உப்பைத் தாங்க மாட்டாங்களேம்மா! பச்சைப் பிள்ளை எப்படித் தாங்கும்?”

டீச்சருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுக்க ஒரு கணம் ஆயிற்று. அந்த ஒரு கணத்தை அவள் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள்.

“டாக்டர், அவ மேல தப்பில்ல. நான் போட்ட படத்துல அப்படித்தான் இருக்கு. இந்தாங்க, பாருங்க.”

சுருட்டி வைத்திருந்த தாளை விரித்துக் கொடுத்தாள். டாக்டர் அதை வாங்கி ஒவ்வொரு கட்டமாக, அவசரப்படாமல் பார்த்தாள்.

“சரியாத்தானே இருக்கு?” என்றாள். “ஒரு லிட்டர் தண்ணி, ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. இதுல என்ன தப்பு? நல்ல படம்தானே?”

“அந்தக் கரண்டி பெருசா இருக்கு டாக்டர்.”

“அது குளோசப்புல காட்டியிருக்கீங்க. அளவு தெரியணும்னு. பாத்தாலே தெரியுதே?”

சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்து உள்ளே போய்விட்டாள். அவள் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. அவள் கண்ணுக்கு அது சரியாகத்தான் தெரிந்தது. டீச்சருக்கும் இன்று சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் தெரிந்தது.

தங்கை மெதுவாகச் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். “படம் சரியாத்தான் இருக்காம்” என்றாள், புருஷனிடம் ஏதோ வீட்டுச் செய்தி சொல்வதுபோல. “டாக்டரே சொல்லிட்டாங்க.”

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் உருண்டை போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, தங்கை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கிவிட்டாள். மேஸ்திரியே, “இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வாம்மா” என்றார். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வாரினாள், சுமந்தாள், கொட்டினாள். வியர்வை ஆறாகக் கொட்டியும் ஒரு கல் உப்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளவில்லை. அம்பாரத்தடியில் கிறுகிறுத்து விழுந்தவளை ரேடியோக்காதான் நிழலுக்கு இழுத்து வந்தாள்.

“வாயில கொஞ்சம் உப்பு போட்டுக்கோடி.”

“வேணாம்.”

“செத்துப் போயிடுவேடி.”

“சரி.”

ரேடியோக்கா அதை அப்படியே டீச்சரிடம் வந்து சொன்னாள்.

டீச்சர் வீடு வீடாகப் போனாள். எடுத்தவுடன் படத்தைப் பிய்க்கவில்லை. “இந்தப் படத்தைப் பாத்து நீங்க எப்படிக் கலப்பீங்க? கரண்டியை எடுத்துக் காட்டுங்க” என்றாள். ஒரு வீட்டில் தேநீர் கலக்கும் சின்னக் கரண்டியைக் காட்டினார்கள். அடுத்த வீட்டில் குழம்புக் கரண்டி. அதற்கடுத்த வீட்டில் குழம்புக் கரண்டி. ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு கரண்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நின்றார்கள். கடைசியாக ரேடியோக்கா வீடு. அவள் பெரிய கரண்டியை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். “என் பேத்திக்கு இன்னும் வயிறு போகல” என்றாள். “போயிருந்தா நானும் இதைத்தான் எடுத்திருப்பேன்.”

ஒவ்வொரு வீட்டிலும் கரண்டியைப் பார்த்த பிறகு டீச்சர் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். நெட்டையன் வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“பேசறாளா மாப்ள?”

“என்கிட்டயும் பேசல அண்ணி. நேத்து ஒரு தடவை மட்டும் கேட்டா. உங்களுக்கு என் மேல கோவமான்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இல்லைன்னேன். நம்பல.”

தங்கை உள்ளே, கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். பெரிய கரண்டி அதே ஆணியில் தொங்கியது. அதை எடுத்து மறைக்க யாருக்கும் கை வரவில்லை போலிருக்கிறது.

“நான் எல்லா வீட்டுக்கும் போனேன்” என்றாள் டீச்சர். “பாதி வீட்டுக்கு மேல பெரிய கரண்டியைத்தான் காட்டினாங்க. கேட்டியா? உன்னை மாதிரிதான் எல்லாரும் பாத்திருக்காங்க. உன் மேல தப்பில்லடி. படம் போட்டவ நான். குடு குடுன்னு சொன்னவ நான். என் கையாலயும் குடுத்தேன்.”

தங்கை பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

“அவங்க பிள்ளைங்க இருக்குதே அக்கா” என்றாள்.

அதற்கு மேல் டீச்சரால் அங்கே நிற்க முடியவில்லை.

நர்ஸம்மா மொபெட்டில் வந்தபோது வாசலிலேயே நின்று அழுதாள். “நானும்தானே பாத்தேன். எனக்கும் தெரியலையே” என்று மூக்கைச் சிந்தினாள். இனிமேல் படமே வேண்டாம், வாயால் சொல்லிவிடலாம் என்றாள். டீச்சர் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“வாயால சொன்னா நீங்க போன மறுநாளே மறந்துடுவாங்க. படம் வேணும். ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னால, அதைப் பாத்துப் பிள்ளைக்குக் குடுக்கப் போறவங்க எல்லாரும் பாக்கணும். நாம ரெண்டு பேர் பாத்தாப் போதாது. என்ன தெரியுதுன்னு அவங்க சொல்லணும். நாம வாயை மூடிக்கிட்டுக் கேக்கணும்.”

புதுப் படத்தில் கரண்டியை நிஜக் கரண்டியின் அளவுக்கே போட்டாள். தேநீர்க் கரண்டியைத் தாளின் மேல் வைத்தால் ஓரம் ஓரமாகப் பொருந்தும். சர்க்கரைக்கும் அதே அளவு, உப்புக்கும் அதே அளவு. கட்டம் பெரிதானால் ஆகட்டும். ஒரு விரல் நாக்கைத் தொடுவதுபோல இன்னொரு கட்டம் சேர்த்தாள். அதன் பக்கத்திலேயே கண்ணீர் வழிகிற ஒரு முகம். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட வேண்டும் என்று அர்த்தம். எல்லாம் பென்சில்தான். மை போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி அறையில் பெண்கள் கூடினார்கள். வீட்டிலிருந்து ஆளுக்கொரு கரண்டி கொண்டுவரச் சொல்லியிருந்தாள். ஒருத்தி தாளின் மேல் குழம்புக் கரண்டியை வைத்தாள். படத்தை விட்டு வெளியே பிதுங்கியது. “அடியாத்தி, இது இல்ல” என்று தானே எடுத்துக்கொண்டாள். கண்ணீர் முகத்தைப் பார்த்து, “புருஷன் அடிச்சுட்டானா?” என்றாள் ரேடியோக்கா. சிரிப்புக் கிளம்பி, பாதியிலேயே அடங்கியது. டீச்சர் அதையும் குறித்துக்கொண்டாள். முகத்தையும் நாக்கையும் ஒரே கட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

கடைசிக் கட்டத்தில், பழைய பொக்கை வாய்ச் சிரிப்புக்குப் பதிலாக, தண்ணீர் குடித்துத் தெளிந்த குழந்தை தாயின் மடியில் படுத்திருந்தது. “நல்லாத் தூங்குது” என்றார்கள் பெண்கள். “வயிறு நிறைஞ்சு தூங்குது.” டீச்சருக்கு அது ஒன்றாவது சரியாக வந்ததே என்று இருந்தது.

எல்லாரும் எழுந்து போன பிறகுதான் தங்கை வந்தாள். பாத்தியிலிருந்து நேராக வந்திருந்தாள். முழங்கால் வரைக்கும் வெள்ளை. அவளை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. கூப்பிட டீச்சருக்கு மனசு வரவில்லை. கையில் கரண்டி எதுவும் இல்லை. தரையில் விரித்திருந்த தாளின் முன்னால் உட்கார்ந்து, முதல் கட்டத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். டீச்சர் ஓரமாக நின்றாள். என்ன தெரிகிறது என்று இவளிடம் மட்டும் அவளால் கேட்க முடியவில்லை.

தங்கையின் விரல் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது.

“இது செத்த பிள்ளை” என்றாள்.

டீச்சர் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அவளும் என்னை மாதிரியே வச்சிருக்கா பாரு. கண்ணு மூடி, கை தொங்கிக்கிட்டு.” குரலில் அழுகை இல்லை. “இதைப் பாத்தா எவளும் குடுக்க மாட்டா. குடுத்தா இப்படித்தான் ஆகும்னு நினைப்பா.”

“அது... தூங்குதுன்னு...”

“எனக்குத் தெரியலக்கா. எனக்குச் செத்ததுதான் தெரியுது.”

டீச்சர் ரப்பரை எடுத்துக் குழந்தையின் மூடிய கண்ணை அழித்தாள். அழுத்தி அழித்ததில் தாள் கொஞ்சம் சுருங்கியது. தங்கை ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் பென்சிலால் ஒரு கண் போட்டாள். திறந்த கண், நடுவில் கருவிழி.

தங்கை குனிந்து பார்த்தாள். “இன்னொரு கண்ணு எங்க?”

குழந்தையின் முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. பக்கவாட்டில் வரைந்தால் ஒரு கண்தான் தெரியும். மறு கண் அந்தப் பக்கம் இருக்கிறது என்று நாமாக நினைத்துக்கொள்ள வேண்டும். அதைச் சொல்ல டீச்சர் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். முகம் முழுவதையும் அழித்தாள். பார்க்கிறவர்களைப் பார்த்து நேராகத் திரும்பியிருக்கும்படி முதலிலிருந்து போட்டாள். இரண்டு கன்னம், இரண்டு காது, ஒரு கண்.

தங்கை தாளை விடவில்லை. இன்னொரு கண்ணுக்காகக் காத்திருந்தாள்.